பல்பு இல்லாமல் வாங்கிய மெஷின்

எங்கள் ஊர் பெரியளத்தில் தினம் பகல் பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிஷம் இருட்டிப்போவது என்னால்தான். இதை நான் மறுத்ததும் இல்லை, மறுக்கப்போவதும் இல்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, "இங்கே ஒரு பொம்பள பேரம் பேசிப் பேசிச் சூரியனையே கொறச்சு வாங்கிட்டாளாமே" என்று பல்லைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

என் பெயர் தங்கபுஷ்பம். எட்டு வயதில் ஓலைக் கடகப்பெட்டியில் உப்புச் சுமந்தவள், பதினேழு வயதில் ஒரு ஸ்டூடியோவில் தரை கூட்டப் போனவள், கூட்டிய இடத்திலேயே நின்று தொழிலைப் பார்த்துப் பார்த்துப் பழகி, கடைசியில் அந்த ஸ்டூடியோவையே அதன் முதலாளி அழ அழப் பேரம் பேசி வாங்கினவள். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். கீரைக்கட்டைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கினதில்லை. யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதி என்னை ஏமாற்றுவதற்கென்று சேர்த்தது என்ற நினைப்பு சின்ன வயதிலேயே எலும்புக்குள் போய்விட்டது, அது பொய்யாகப் போன நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒரு நாள் மட்டும் போதும், என்னைக் கொல்ல.

போன வருஷம் சித்திரையில் என் தங்கச்சி கனி உப்பளத்தில் விழுந்தாள். பகல் பன்னிரண்டு மணி, உப்பு வாரிக்கொண்டிருந்தவள் வரப்பிலேயே சரிந்துவிட்டாள் என்று தூக்கிக்கொண்டு வந்து என் ஸ்டூடியோ வாசலில் கிடத்தினார்கள். உடம்பு அடுப்புக் கல்லாய்க் கொதித்தது, ஆனாலும் கண் திறந்து, "யக்கா, தண்ணி" என்றாள். தூத்துக்குடிக்குக் கொண்டுபோகக் கார் பிடித்தேன். கார்க்காரன் ஒரு தொகை சொன்னான். நான் அதில் பாதி சொன்னேன். அவன் ஏறி வந்தான், நான் இறங்கவில்லை, என் வாய் அதன் பழக்கத்தில் அது பாட்டுக்குப் பேசியது, கனி வாசலில் கிடந்தாள். பேரம் முடிந்தபோது நான் கேட்ட விலைக்கு அவன் வந்திருந்தான். கனி பாலத்தைத் தாண்டவில்லை. பேரத்துக்கு ஆன நேரம் இருபது நிமிஷம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஊரில் செத்தவர் வீட்டில் பதினாறாம் நாள் சுவரில் ஒரு ஆணி அடிப்பார்கள். முகத்தைப் பெரிசாக்கி, கண்ணாடி போட்டு, அந்த ஆணியில் மாட்டி மாலை போட்டால்தான் செத்தவர் வீட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. படம் இல்லாத வீட்டில் ஆணியிலேயே மாலையைத் தொங்கவிடுவார்கள். ஸ்டூடியோதான் எங்களுக்கு வீடும், அங்கே கனிக்கு ஆணியில்தான் மாலை தொங்கியது. ஊருக்கெல்லாம் படம் பிடிக்கிறவள் கூடப்பிறந்தவளுக்குப் படம் இல்லை. அவள் கேமரா முன்னால் நிற்கவே மாட்டாள், உப்பின் வெள்ளையில் வெந்த கண், லைட்டைப் போட்டால் கண்ணீர் கொட்டும். ஓட்டுப்போடும் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தால் யாரோ ஒரு பொம்பளை போலீசுக்குப் பயந்து நிற்பது போல இருந்தது.

ஒன்றே ஒன்று இருந்தது. அவளுக்கு இருபது வயதாக இருந்தபோது, பழைய முதலாளியின் பெரிய மரக் கேமராவைத் திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போய், தலையில் கடகத்தோடு அவளை நிறுத்தி நான் எடுத்த முதல் படம். உள்ளங்கை அகலத்துக்கு நெகட்டிவ். ஸ்டூடியோவுக்குள் எடுப்பது போலவே நேரம் கொடுத்துவிட்டேன், உப்பில் பட்டு வெயில் இரண்டாக எழும்பும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நெகட்டிவ் சிலேட்டு மாதிரிக் கறுத்துப்போனது. அந்தத் தப்பை அதற்குப் பிறகு நான் செய்யவே இல்லை. கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொன்னால், "ஆன்ட்டி, இது வெறும் கறுப்பு அட்டை" என்றான் அந்தப் பயல். அட்டையாம். பிடித்து நாலு ஏசு ஏசிவிட்டு வந்தேன்.

அவ்வளவு பெரிய நெகட்டிவைப் பெரிசாக்கப் பெரிய என்லார்ஜர் வேண்டும். பழசுதான் கிடைக்கும், அதுவும் மதுரையில் மொய்தீன் பிச்சையிடம்தான் கிடைக்கும் என்றார்கள். மாசி மாதம் ஒரு காலையில் பஸ் ஏறினேன். மாடிப்படிக்கு அடியில் இருந்த என் இருட்டறையின் அளவை ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு இடுப்பில் சொருகியிருந்தேன், நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று.

மொய்தீன் பிச்சையின் பழைய சாமான் கிட்டங்கியில் மூன்று மெஷின்கள் நின்றன. முதலாவது தேர் மாதிரி இருந்தது, வார்ப்பிரும்பு, பித்தளைச் சக்கரம், பார்த்ததும் ஆசை வந்தது. கயிற்றைப் பிடித்துப் பார்த்தால் என் கூரையைப் பிய்த்துக்கொண்டு மாடிப்படியில் ஏறிவிடும் போலிருந்தது. இரண்டாவது உயரத்துக்குச் சரியாக இருந்தது. தலையை மேலே ஏற்றித் திருகை முடுக்கிவிட்டு, "ஒரு டீ சொல்லு தம்பி" என்று பேச்சுக் கொடுத்தேன். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் தலை இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"பாத்தியா? படம் விழும்போதே இறங்கினா மூக்கு ரெண்டாத் தெரியும். இதை எந்த ஏமாளிக்கு வச்சிருக்க?"

"அக்கா, நீங்க டீ குடிக்க இவ்ளோ நேரம் எடுத்தா மெஷின் என்ன பண்ணும்?" என்றான் அவன்.

மூன்றாவது மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. பச்சைப் பெயின்ட், சுவரில் முடுக்குகிற மாதிரியான கை, தூண் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. மடிப்பு மடிப்பான தோல் துருத்திக்குள் டார்ச்சை விட்டுப் பார்த்தேன், இரண்டு இடத்தில் சைக்கிள் ட்யூப் வைத்து ஒட்டியிருந்தது, ஆனால் வெளிச்சம் ஒழுகவில்லை. லென்ஸைக் கழற்றி வாசல் வெயிலில் பிடித்தேன், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பூஞ்சணம். தலைக்குள் இருந்த கனத்த கண்ணாடிகளில் கீறல் இல்லை. நெகட்டிவ் வைக்கும் சட்டமும் இருந்தது. இதுதான் என்று மனசு சொல்லிவிட்டது, அதனால் முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

காலையில் ஆரம்பித்த பேரம் மத்தியான லுஹர் பாங்கு வரை போனது. அவன் தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான், நானும் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். கடைசியில் அவன் கையை உதறினான்.

"இதுக்குக் கீழ இறங்கணும்னா பல்பு தர மாட்டேன். பல்புக்குத் தனி விலை."

"பல்பை நீயே வச்சுக்க. அந்த விலையையும் கழி."

"அக்கா, வெளிச்சம் இல்லாம எடுத்துட்டுப் போறீங்க. அப்புறம் வெளிச்சம் இல்லேன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நீங்கதான் பொறுப்பு."

"எங்க ஊர்ல வெளிச்சம் கொட்டிக் கிடக்கு," என்றேன். "நீ மெஷினக் குடு."

அவன் "சரி, அப்ப அங்கேருந்தே எடுத்துக்கங்க" என்று பல்பைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

இருட்டறையில் சுவரில் முடுக்கியபோது உயரம் அப்போதும் ஒரு சாண் இடித்தது, தரையைத் தோண்டி மேசையை இறக்கினேன். மறுநாள் பகலில், பல்பு வாங்கப் போகும் முன் மெஷினின் தலை நேராக நிற்கிறதா என்று பார்க்க, ஸ்டூடியோவின் பழைய டப்பாவில் கிடந்த ஒரு செத்துப்போன போஸ்ட் மாஸ்டரின் நெகட்டிவை வைத்து, கீழே ஒரு துண்டு போட்டோக் காகிதத்தையும் வைத்து, லென்ஸின் மூடியைத் திறந்தேன். பல்பு இல்லாத மெஷினிலிருந்து வெள்ளை வெளேர் என்று வெயில் இறங்கிக் காகிதத்தில் விழுந்தது, போஸ்ட் மாஸ்டர் தலைகீழாகக் கிடந்தார், வெளியே தெருவில் கோழிகள் கத்தின, யாரோ "ஏ அய்யா" என்று அலறினார்கள். நாலு எண்ணி மூடினேன். வெளியே வந்து பார்த்தால் தெருவில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். நாலு எண்ணும் நேரம் ஊரில் சூரியன் இல்லை. சூரியன் என் இருட்டறையில் இருந்தது.

முதலில் எல்லோரும் கரண்ட் ஆபீசுக்குத்தான் போன் போட்டார்கள். லைன்மேன் ஏணியோடு வந்து, கம்பத்தில் ஏறி, சூரியனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது எங்க லைன் இல்லம்மா" என்று இறங்கிவிட்டான். அதன் பிறகு ஊர் என்னிடம் வந்தது. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஏன் அணைத்தாய் என்றுதான் சண்டை. ஆற்றிக்கொண்டிருந்த டீ காலில் கொட்டிவிட்டது என்று டீக்கடை மாஸ்டரும், ஒரு பக்க மீசை போய்விட்டது என்று முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தவரும் மல்லுக்கு நின்றார்கள். ஒரு பள்ளிக்கூட மணியை வாங்கி வாசலில் கட்டினேன், மெஷினைத் திறக்கும் முன் மூன்று தரம் அடிப்பதென்று பேச்சு. மணி கேட்டதும் மாஸ்டர் டம்ளரைக் கீழே வைப்பார், கத்தி கன்னத்தை விட்டு விலகும், பஸ் ஓரமாக நிற்கும், சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் கையை நீட்டியபடி நின்று வெளிச்சம் வந்ததும் அதே வார்த்தையிலிருந்து தொடருவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பிள்ளைகளுக்கு நொடி எண்ணச் சொல்லிக்கொடுத்தார். பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு வாழைத்தாரை ஒருவன் இருட்டில் அறுத்துக்கொண்டு ஓடினான், ஆனால் அது ஆறு நொடிப் படம், வெளிச்சம் வந்தபோது தாரோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், அவனே திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிட்டான்.

பிறகு ட்ரங்குப் பெட்டிகளைத் திறந்தார்கள். ஊரில் அந்தக் காலத்து நெகட்டிவ் வைத்திருந்தவர்களெல்லாம் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெகட்டிவ் எவ்வளவு கறுப்போ அவ்வளவு நேரம் மெஷின் வெயில் குடிக்கும், இதுதான் அதன் கணக்கு. ஆனால் ஊர் வேறு கணக்குப் போட்டது. "எங்கப்பாவுக்கு ஊரே ஏழு நொடி இருட்டாக் கிடந்துச்சு, ஒங்க மாமனாருக்கு மூணே நொடிதான, அந்தாளுக்கு அவ்வளவுதான் மரியாதை" என்று இரண்டு சம்பந்திகள் அடித்துக்கொண்டார்கள். செத்தவருக்கு ஊர் கொடுக்கும் இருட்டு என்று ஆகிவிட்டது, மணி கேட்டால் ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நெகட்டிவுக்கு ஒரு படம்தான். ஒரு படம் முழுசாக வந்து, கழுவி, ஹைப்போ மருந்தில் நிலைத்துவிட்டால் அப்புறம் அந்த நெகட்டிவுக்கு மெஷின் கண் திறக்காது. மூன்று பிள்ளைகள் அப்பா படத்துக்கு மூன்று காப்பி கேட்டு, கிடைக்காமல், ஆளுக்கு நாலு மாதம் என்று பிரித்துக்கொண்டார்கள். தூத்துக்குடியில் நல்ல பல்பாக வாங்கிவந்து மாட்டியும் பார்த்தேன், எரியவில்லை. வெயில் ருசி கண்ட மெஷின் வேறெதையும் தொடவில்லை.

கனியின் நெகட்டிவை எடுக்கக் கை வரவில்லை, எடுத்தபோது பங்குனி பிறக்க இரண்டு நாள் இருந்தது. மணியடித்து, ஒரு துண்டுக் காகிதம் வைத்து, பத்து நிமிஷம் திறந்தேன். ஊர் இரண்டு நிமிஷம் பொறுத்தது, மூன்றாவது நிமிஷம் என் கதவைத் தட்ட ஆரம்பித்தது. சிவப்பு விளக்கில் காகிதத்தைக் கழுவினால் சாம்பலாகக் கொஞ்சம் கூந்தல், அதற்குக் கீழே புருவம் மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான். முகம் இன்னும் வெள்ளையிலேயே இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவள் முகம் வர நாற்பது மணி நேர வெயில் வேண்டும். நாலு பகல். என்னிடம் இருந்த அகலமான காகிதமோ ஒன்றே ஒன்று.

ஊர் கூடியது. உப்பளத்து முதலாளி ராஜாமணி அண்ணாச்சி நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார்.

"ஏம்மா புஷ்பம், பங்குனி, சித்திரை வெயில்தான் எங்களுக்குச் சோறு. நாலு பகல் இருட்டாக் கிடந்தா பாத்தியில உப்பா இறங்கும்? வெறுந் தண்ணிதான் கிடக்கும்."

"ஒங்க பாத்தியிலதான அண்ணாச்சி அவ விழுந்தா?" என்றேன். என் குரலை எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, அவ்வளவு சத்தம். "முப்பது வருசம் ஒங்க உப்பை வாரினவளுக்கு நாலு பகல் பெரிசாப் போச்சா? வருசத்துக்கு எத்தன பகல் வாங்கியிருப்பீரு அவகிட்டருந்து? அதுக்குக் கணக்கு இருக்கா?"

"கத்தாத. நாலு நொடி, அஞ்சு நொடின்னா நான் ஏதாவது சொன்னேனா?"

அப்போது பேச்சித்தாய் எழுந்தாள். கனியோடு ஒரே வரப்பில் உப்பு வாரியவள், இப்போது பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நிற்பது. கால் வெடிப்பில் உப்பு ஏறி நொண்டி நொண்டித்தான் வருவாள்.

"யக்கா, நாலு பகலும் ஒண்ணாத்தான் வேணுமா? அதே காயிதத்துல கொஞ்சங்கொஞ்சமாச் சேத்தா ஆவாதா?"

"ஆகும்," என்றேன். "காகிதத்தை அசைக்காம வச்சா ஆகும்."

"அப்பம் தினம் எடு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எடு." அவள் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேத்து நீ பத்து நிமிசம் அணைச்சல்லா, நாங்க வரப்புல உக்காந்தோம். துணிய அவுத்துத் தலைய ஆத்தினோம். பொறந்ததுலருந்து அளத்துல பகல்ல நெழலு கண்டதில்ல யக்கா. இத நீ போன வருசம் வாங்கியிருக்கப்படாதா?"

 அவள் குத்திச் சொல்லவில்லை, அவளுக்கு அப்படிப் பேசத் தெரியாது. அதனால்தான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, தினம் அஞ்சு நிமிசம்," என்றார் அண்ணாச்சி.

"ஒரு மணி நேரம்," என்றார்கள் பெண்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேரம் என்றால் நான்தானே. வாயைத் திறந்தேன், என் வாயிலிருந்து, "இருபது நிமிஷம்" என்று வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் வண்டிச்சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற கார்க்காரன் சுழற்றுவதை நிறுத்திவிட்டான். அண்ணாச்சிகூடக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இருபதுக்கு மேல் யாரும் ஏற்றவில்லை, யாரும் குறைக்கவும் இல்லை. நாற்பது மணி நேரத்துக்கு நூற்று இருபது நாள். பங்குனி ஒன்றாம் தேதி அந்த ஒற்றைக் காகிதத்தை மேசையில் இறுக்கி வைத்தேன்.

அந்தக் கோடையைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பன்னிரண்டு மணிக்கு மணியடிக்கும், வானம் மூடிபோட்ட பானை போல இருண்டுவிடும், நட்சத்திரம் நாலைந்து அவசரமாக எட்டிப்பார்க்கும், கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று, எங்கே ஒளிந்திருந்ததோ, அளத்தின் மேல் வரும். கடகத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வரிசையாக வரப்பில் உட்காருவார்கள், காலைப் பாத்தித் தண்ணீரிலிருந்து எடுத்து நீட்டுவார்கள், ஒருத்தி தலையை ஒருத்தி ஆற்றிவிடுவாள், பேச மாட்டார்கள், பேச்சுக்குச் செலவழிக்கிற அளவு நீளமில்லை அந்த இருட்டு. டீக்கடை மாஸ்டர் அந்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கினார். ஆடுகள் ஒரு வாரத்தில் பழகி, மணிக்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டன. நான் இருட்டறைக்குள், மெஷின் பக்கத்தில், ஊரின் வெயில் முழுவதும் அந்தக் கறுத்த நெகட்டிவை முட்டிக்கொண்டு ஒரு சொட்டுச் சொட்டாகக் காகிதத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, ஆயிரத்து இருநூறு எண்ணுவேன். காகிதத்தில் ஒன்றும் தெரியாது. கழுவுகிற வரை அது வெள்ளைதான். ஆனால் எனக்குத் தொழில் தெரியும். இன்று கூந்தல் வந்திருக்கும், இன்று கருவிழி, இன்று மூக்கின் நிழல், இன்று உதட்டோரம் என்று நாளுக்கு நாள் அவள் உள்ளே கூடிவருவது எனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் அளத்தில் ஒருத்திகூட விழவில்லை.

நூற்று இருபதாம் நாள், ஆடி பிறக்க நாலு நாள்தான் இருந்தது, ஆனால் காற்றைக் காணோம், மழையைக் காணோம், சித்திரையே திரும்பி வந்ததுபோல் காய்ந்தது. காலையிலேயே கழுவும் தட்டுகளை நிரப்பி வைத்தேன். ஆசாரி சட்டம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பத்து மணிக்குப் பேச்சித்தாய் நொண்டிக்கொண்டு வந்தாள், கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"மால," என்றாள். "எல்லாருஞ் சேந்து வாங்கினோம். கடையில என்ன வெல சொன்னானோ அத அப்பிடியே குடுத்துட்டோம், ஏசாத."

"ஏட்டி, நாளையிலிருந்து என்ன செய்வீங்க?"

"போன வருசம் என்ன செஞ்சோமோ அது." சிரித்தாள். "நீ படத்த எடு யக்கா. கனி மொகத்தப் பாத்து எத்தன நாளாச்சி. ராத்திரி நெனச்சுப் பாத்தா எனக்குக் கடகந்தான் தெரியுது, மொகம் வர மாட்டேங்கு."

"எனக்கும்," என்றேன்.

"வேற கறுத்த நெகட்டிவு கிடையாதோ?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தாள்.

இருந்தால்தானே. டப்பா டப்பாவாக நெகட்டிவ் இருந்தது, எல்லாம் ஒழுங்காக எடுத்தவை, மூன்று நொடி, ஐந்து நொடி. அந்த மாதிரிப் பெரிய ஃபிலிம் கடைகளுக்கு வருவது நின்று எத்தனையோ வருஷமாகிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் அப்படித் தப்புச் செய்தேன்.

பன்னிரண்டுக்கு மணியடித்தேன். ஆயிரத்து இருநூறு எண்ணி மூடினேன். சிவப்பு விளக்கைப் போட்டு, காகிதத்தை மேசையிலிருந்து எடுக்கும் முன் அதன் நாலு மூலையையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன், ஏன் குறித்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. காகிதத்தை இரண்டு கையாலும் தூக்கித் தட்டின் மேல் பிடித்தேன். அவள் முழுசாக என் கையில் இருந்தாள், இருபது வயது, தலையில் கடகம், முகத்தில் ஒரு சுருக்கமில்லை. மருந்துத் தண்ணீரில் இறக்கினால் இரண்டு நிமிஷத்தில் என்னைப் பார்ப்பாள். இறக்கினால் மெஷின் இந்த நெகட்டிவுக்கு இனிமேல் கண் திறக்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. அளத்திலிருந்து அண்ணாச்சியின் ஜீப் ஹாரன் கேட்டது, எழுந்திருங்கள் என்று அடிக்கிற நீளமான ஹாரன், அது நிற்கவே இல்லை. அதற்கு நடுவில் யாரோ ஒரு பெண், வயதில் சின்னவளாக இருக்க வேண்டும், "யக்கா, தண்ணி" என்று பேச்சித்தாயிடம் கேட்டது காற்றில் வந்தது.

காகிதத்தைப் பென்சில் குறிக்குள் திரும்ப வைத்தேன். மேலே கறுப்புத் துணியைப் போர்த்தினேன். தட்டுகளில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டினேன். மாலையை ஆணியில் மாட்டினேன், சட்டத்தைச் சுவரோடு திருப்பிச் சாய்த்து வைத்தேன். மறுநாள் பன்னிரண்டுக்கு மணியடித்தபோது ஊர் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனது, பிறகு டீக்கடைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆவணி முதல் வாரத்தில் அண்ணாச்சி தனியாக வந்தார். நாற்காலி கேட்கவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"பேச்சு நூத்தி இருபது நாளு. இப்ப நாப்பது நாளு மேல போயிட்டு. சரிம்மா, போட்டும், நான் சண்டைக்கு வரல. அந்தப் படத்தக் கழுவி மாட்டிரு. அதுக்கு ஒனக்கு எவ்வளவு வேணும்? நீயே சொல்லு, நான் கொறைக்க மாட்டேன்."

வாயைத் திறந்தேன். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து முதல் தடவையாக அதில் ஒரு தொகையும் வரவில்லை. அவர் கை விரலால் சட்டைப் பொத்தானைத் திருகினார், பிறகு என்னை விட்டு ஆணியைப் பார்த்தார், அதில் காய்ந்து தொங்கிய மாலையைப் பார்த்தார், "என்னமோ போ" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மணி பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. எழுந்து உள்ளே போனேன்.

அவள் முகம் இனி வராது. அது எனக்குத் தெரியும். அளவுக்கு மேல் வெயில் குடித்த காகிதத்தில் என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே கருவிழி கூந்தலோடு கலந்திருக்கும், பிறகு கன்னம் போயிருக்கும், பிறகு பல் வரிசை, சேலைக்கரை, கடகத்தின் பின்னல். கடைசியாகத்தான் உப்புக் கறுக்கும், எந்தப் படத்திலும் அது ஒன்றுதான் வெள்ளையாகவே நின்று அடம் பிடிக்கும். ஆனால் அதுவும் கொஞ்சங்கொஞ்சமாகச் சாம்பல் பூத்து வருகிறது, நாளுக்கு இருபது நிமிஷமாக. அந்தக் காகிதத்துக்குள், முப்பது வருஷமாகப் பகல் பன்னிரண்டு மணியாகவே நின்ற அந்த அளத்தில், இந்நேரம் பொழுது சாய்ந்திருக்கும். கனி கடகத்தை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பாள்.

மணியை மூன்று தரம் அடித்துவிட்டு, மூடியைத் திறந்து, ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறேன்.